ப்ரெப்: எச்.ஐ.வி.யைத் தடுக்க மருந்து இருந்தும் பெண்களுக்கு ஏன் எட்டவில்லை?

எச்.ஐ.வி. இல்லாத ஒருவர், அது தொற்றாமல் இருப்பதற்காக முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்துக்கு ப்ரெப் என்று பெயர். மலேரியா உள்ள பகுதிக்குப் போகிறவர் கிளம்பும் முன்பே மாத்திரையைத் தொடங்குவார் இல்லையா, அதே ஏற்பாடுதான். எச்.ஐ.வி. கிருமி நம் ரத்த வெள்ளணுக்களில் ஒருவகைக்குள் நுழைந்து, அங்கே தன்னைப் பிரதியெடுத்துப் பெருகும். அந்த அணுக்களுக்குள் ப்ரெப் மருந்து ஏற்கெனவே இருந்தால் பிரதியெடுக்கும் வேலை பாதியில் அறுந்துவிடும். நுழைந்த கிருமி வேர்பிடிக்காது. ஆனால் மருந்து உடம்பில் இருக்கும்வரைதான் இந்தக் காவல். தடுப்பூசி போல ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது.

இதைப் 'பெப்' என்பதோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெப் என்பது பின்னால் கொடுப்பது: ஆபத்தான தொடர்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ப்ரெப் முன்னால் எடுப்பது. ஆணுறை கிழிந்துவிட்டது என்று மறுநாள் காலை ஓடி வருபவருக்குத் தேவை பெப், ப்ரெப் அல்ல.

பழகிய ப்ரெப் மாத்திரையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும்: டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் ஃப்யூமரேட் 300 மி.கி., எம்ட்ரிசிடபின் 200 மி.கி. நாளுக்கு ஒன்று. அமெரிக்கா 2012இல் இதற்கு அனுமதி தந்தது. தென்னாப்பிரிக்கா 2015 டிசம்பரில் தந்தது. அடுத்த ஆண்டு அரசுத் திட்டத்திலும் வந்தது. அப்படியிருந்தும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ் கணக்குப்படி, 2023இல் உலகம் முழுவதும் வாரத்துக்குச் சுமார் 4,000 இளம்பெண்களுக்கு, அதாவது 15 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களில் 3,100 பேர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்பவர்கள். மாத்திரை கடைக்கு வந்துவிட்டாலே கைக்கு எட்டிவிட்டது என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. அந்த நினைப்பு எங்கே உடைந்தது என்று பார்த்தால்தான் இன்று வளையமும் ஊசியும் ஏன் வந்தன என்பது புரியும்.

ஒரே மாத்திரை, இரண்டு முடிவு

கென்யா, உகாண்டா நாடுகளில் 4,747 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கணவன் மனைவியில் ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மற்றவருக்கு இல்லை. இல்லாதவருக்கு மேலே சொன்ன மாத்திரையைக் கொடுத்தபோது தொற்று 75 சதவீதம் குறைந்தது. பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தாலும் 66 சதவீதம் குறைவு. 2012இல் இதன் முடிவு வெளியானது.

ஏறக்குறைய அதே காலத்தில் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடம் 'வாய்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. பெரும்பாலோர் திருமணமாகாத இளம்பெண்கள். அங்கே மாத்திரையால் எந்தப் பயனும் தெரியவில்லை. மாத்திரை கெட்டுப்போயிருந்ததா? இல்லை. "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் 90 சதவீதம் சாப்பிடுவதாகப் பதில் வந்தது. மிச்ச மாத்திரைகளை எண்ணினால் 86 சதவீதம் என்று கணக்கு ஒத்துப்போனது. ரத்தத்தைப் பரிசோதித்தபோதோ பத்தில் மூன்று மாதிரிகளில்கூட மருந்து இல்லை. எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்பதற்காக மாத்திரைகளை எங்கோ கொட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதற்குச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ காரணம் சொல்வது எளிது, தவறும்கூட. முதல் ஆய்வில் கணவனின் நோய் வீட்டில் தெரிந்த விஷயம். இருவரும் சேர்ந்தே கிளினிக் வந்தார்கள். மாத்திரையைச் சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஆள் இருந்தது. இரண்டாவது ஆய்வில் அந்தப் பெண் காதலனிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. தன் கையில் இருப்பது உண்மையான மருந்தா, ஆய்வுக்காகத் தரும் வெற்று மாத்திரையா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பிறகு நடந்த நேர்காணல்களில் இதெல்லாம் வெளியே வந்தது.

கையில் இருந்த பாட்டிலையே எடுத்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே 30 மாத்திரை, ஈரம் உறிஞ்ச ஒரு சிறு பொட்டலம். பையில் போட்டு நடந்தால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும். ஊரில் எச்.ஐ.வி. சிகிச்சைக்காக மருந்து சாப்பிடுகிறவர்களிடம் இருப்பதும் இதே மாதிரிப் பாட்டில்தான். உள்ளிருக்கும் மருந்துகளும் பாதி அதேதான். பேருந்தில் அந்தச் சத்தம் கேட்டாலே பக்கத்து இருக்கை முடிவு செய்துவிடும். காதலன் கண்ணில் பட்டால் இரண்டில் ஒன்று: உனக்கு நோய் இருக்கிறது, அல்லது உனக்கு வேறொருவன் இருக்கிறான். இரண்டுமே அடி விழும் இடம்.

இதற்கு நர்சுகள் சொல்லிக்கொடுக்கும் கைவேலை ஒன்று உண்டு. பாட்டிலின் வாய்ப்பக்கம் பஞ்சை அடைத்தால் சத்தம் அடங்கும். ஒரு வாரத்துக்கான ஏழு மாத்திரைகளை மட்டும் சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டு, மீதியை அந்த ஈரப் பொட்டலத்தோடு மூல பாட்டிலிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். முப்பதையும் துணியில் முடிந்து வைத்தால் காற்றின் ஈரம் பட்டு மாத்திரை கெடும்.

பெண்ணுடம்பில் கணக்கு வேறு

இந்த மருந்து உடலெங்கும் ஒரே அளவில் தங்குவதில்லை. ஆசனவாய்த் திசுவில் டெனோஃபோவிர் தேங்கும் அளவோடு ஒப்பிட்டால் பெண்ணுறுப்புத் திசுவில் தேங்குவது பல மடங்கு குறைவு. அதனால் ஆண்களுக்குச் சொல்லும் சில சலுகைகளைப் பெண்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. உறவுக்கு முன் இரண்டு, பின் ஒன்று, மறுநாள் ஒன்று என்று தேவைக்கு மட்டும் சாப்பிடும் முறை ஆண்களுக்கானது. வாரத்துக்கு நான்கு மாத்திரை போனாலே ஆண்களுக்கு நல்ல பாதுகாப்பு கிடைப்பதைப் பார்த்திருக்கிறார்கள்; அதை நம்பிப் பெண் மாத்திரையைக் குறைக்க வேண்டாம். தினம் ஒன்று, அவ்வளவுதான்.

தொடங்கியவுடன் பாதுகாப்பும் வந்துவிடாது. பெண்களுக்கு ஏழு நாள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகே முழுக் காவல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் இன்னும் எச்சரிக்கையாக ஏறக்குறைய 21 நாள் என்கிறது. அதுவரை ஆணுறை. நிறுத்தும்போதும் கடைசி உறவுக்குப் பின் ஏழு நாள் சாப்பிட்டுவிட்டே நிறுத்த வேண்டும். ஒருநாள் மறந்தால் நினைவு வந்தவுடன் ஒன்று. மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். பல நாள் விட்டுப்போனால் ஏழு நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இதே மருந்தின் சற்று மாறிய வடிவமான டெனோஃபோவிர் அலஃபெனமைட் கலந்த மாத்திரைக்கு அமெரிக்கா 2019இல் ப்ரெப் அனுமதி தந்தபோது, பெண்ணுறுப்பு வழியாகத் தொற்றும் ஆபத்து உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கி வைத்தது. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. யாரை வைத்துச் சோதித்தார்களோ அவர்களுக்கே மருந்து. எட்டாமை கிளினிக் வாசலுக்கு எவ்வளவோ முன்பே தொடங்கிவிடுகிறது.

முதல் நாள் கிளினிக்கில்

தென்னாப்பிரிக்க அரசுக் கிளினிக்குகளில் ப்ரெப் இலவசம். மருத்துவர் வரக் காத்திராமல் பயிற்சி பெற்ற நர்சே எழுதித் தரலாம். அங்கே 12 வயதிலிருந்தே, விவரம் புரியும் பக்குவம் இருந்தால், பெற்றோர் கையெழுத்து இல்லாமல் மருத்துவத்துக்குச் சம்மதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை. இது சடங்கு அல்ல. ஏற்கெனவே தொற்று இருப்பவருக்கு இந்த இரண்டு மருந்தை மட்டும் கொடுத்தால் நோய் அடங்காது, கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு சிகிச்சையின்போது அந்த மருந்தே கைகொடுக்காது. கடந்த சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, நெறிகட்டுதல் சேர்ந்து வந்ததா என்றும் கேட்பார்கள். தொற்றிய புதிதில் பரிசோதனை 'இல்லை' என்றே காட்டக்கூடும். உடம்பு காட்டும் அறிகுறியே அப்போது துப்பு. கடந்த 72 மணி நேரத்துக்குள் ஆபத்தான தொடர்பு இருந்தால் முதலில் பெப், அது முடிந்த கையோடு ப்ரெப்.

அடுத்து சிறுநீரகம். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்து, வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 மி.லி.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கணக்கிடுவார்கள். முப்பது வயதுக்குக் கீழே, வேறு நோய் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் தேவை. ப்ரெப் மருந்துகள் அந்தக் கிருமியையும் அடக்கும் என்பதால், ஹெபடைடிஸ் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீங்கிச் சிக்கலாகும். பெண்ணுறுப்புக்குள் செய்யும் பரிசோதனை எதுவும் தேவையில்லை. அந்தப் பயத்திலேயே வராமல் இருப்பவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பமாக இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும் இந்த மாத்திரையைச் சாப்பிடலாம். கருத்தடை மாத்திரையோடும் ஊசியோடும் மோதாது. கர்ப்பத்தைத் தடுக்காது; மேகவெட்டை, கிரந்தி போன்ற மற்றப் பால்வினை நோய்களையும் தடுக்காது. முதல் மாதம் சிலருக்குக் குமட்டல், தலைவலி, வயிற்றுப் பொருமல் வரும். ராத்திரி சாப்பாட்டோடு எடுத்தால் பலருக்குச் சமாளிக்க முடியும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்புவதுதான் பலர் இரண்டாவது பாட்டிலுக்கே திரும்பி வராததற்கு ஒரு காரணம். ஒரு மாதம் கழித்து ஒரு பரிசோதனை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று.

இந்த மூன்று மாதக் கணக்கில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பல பெண்கள் கருத்தடை ஊசிக்காக இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் கிளினிக் வருகிறார்கள். ஆனால் கருத்தடை ஓர் அறை, எச்.ஐ.வி. வேறொரு வரிசை. அந்த வரிசையில் நிற்பதைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ப்ரெப்பும் சிகிச்சையும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே நாளில் தந்தால் பாதித் தொல்லை தீரும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கருத்தடை வேண்டி வந்த பெண்களை வைத்து நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2019இல் வெளியான 'எக்கோ' ஆய்வில், ஆண்டுக்கு நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அவர்கள் யாரும் 'ஆபத்துப் பிரிவு' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அல்ல. பிள்ளை இப்போது வேண்டாம் என்று வந்த சாதாரணப் பெண்கள்.

வளையம்

யாருக்கும் தெரியாமல், யாரையும் கேட்காமல், அவளே வைத்துக்கொள்ளும் ஒன்று வேண்டும் என்று பெண்கள் கேட்டதற்குக் கிடைத்த ஒரு பதில் டாபிவிரின் வளையம். வளையக்கூடிய சிலிகான், 25 மி.கி. மருந்து உள்ளே கலந்திருக்கும். இரண்டு விரலால் நீளவாக்கில் அமுக்கி உள்ளே தள்ளினால் போதும். கர்ப்பப்பை வாய்க்கு அருகில் போய் உட்காரும். 28 நாள் அப்படியே இருக்கும். மாதவிலக்கு, குளியல், உறவு எதற்கும் எடுக்கத் தேவையில்லை. வைத்த 24 மணி நேரம் கழித்துத்தான் காவல் தொடங்கும். நழுவி விழுந்தால் தண்ணீரில் அலசித் திரும்ப வைக்கலாம். கழிப்பறைக்குள் விழுந்ததை எறிந்துவிட்டுப் புதியது. மருந்து அந்த இடத்தோடு நிற்பதால் ஆசனவாய் வழி உறவுக்கும், ஊசி பகிர்வதால் வரும் தொற்றுக்கும் இது உதவாது.

2016இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் தொற்று 27 சதவீதமும் 31 சதவீதமும் குறைந்தது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பயன் தென்படவில்லை. அவர்கள் அதை உள்ளே வைத்திருந்த நேரமும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021 ஜனவரியில் பரிந்துரைத்தது, தென்னாப்பிரிக்கா 2022இல் அனுமதித்தது. அமெரிக்காவிலோ விண்ணப்பத்தையே தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முப்பது சதவீதம் போதாது என்பவர்களுக்கு ஒரு கேள்வி: மாத்திரையை வீட்டில் வைக்கவே முடியாதவளுக்கு மாற்று என்ன, பூஜ்யமா?

ஊசி

இரண்டு ஊசிகள் இப்போது பேசப்படுகின்றன. கபோடெக்ராவிர் 600 மி.கி. இடுப்புத் தசையில் போடுவது. முதல் இரண்டும் ஒரு மாத இடைவெளியில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று. ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 3,224 பெண்களிடம் நடந்த ஆய்வில் மாத்திரைக் குழுவோடு ஒப்பிட ஊசிக் குழுவில் தொற்று ஏறக்குறைய 89 சதவீதம் குறைவாக இருந்ததால் 2020 நவம்பரில் ஆய்வை முன்னதாகவே நிறுத்தி முடிவை அறிவித்தார்கள்.

அடுத்தது லெனகாபவிர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்கள் 5,338 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. லெனகாபவிர் போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. பழைய மாத்திரை கொடுத்த 1,068 பேரில் 16 பேருக்கும், அந்த மாறிய வடிவ மாத்திரை கொடுத்த 2,136 பேரில் 39 பேருக்கும் தொற்றியது. மாத்திரைக் குழுக்களில் பெரும்பாலோர் வழக்கம்போல ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ரத்தம் அதைக் காட்டியது.

போடும் முறை இப்படி: வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் 1.5 மி.லி. வீதம் இரண்டு ஊசி, மொத்தம் 927 மி.கி. அன்றே 300 மி.கி. மாத்திரை இரண்டு, மறுநாளும் இரண்டு. மருந்து தோலடியில் சேமிப்பாகத் தங்கி மெல்ல மெல்லக் கசிவதால், ரத்தத்தில் அளவு ஏறும் வரை இந்த மாத்திரைகள் ஈடுகட்டும். இடறுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் நாள்தான்: முதல் நாள் நர்ஸ் கண்ணெதிரே விழுங்கியாகிவிடும், மறுநாளைக்கு உரியது கைப்பையிலேயே கிடக்கும். நினைவு வந்தவுடன் விழுங்க வேண்டும். போட்ட இடத்தில் தோலுக்கு அடியில் ஒரு சிறு கட்டி தட்டுப்படும், மாதக்கணக்கில் இருக்கலாம். அதைத் தேய்த்துக் கரைக்க முயல வேண்டாம். அடுத்த ஊசி 26 வாரத்தில், இரண்டு வாரம் முன்பின் ஆகலாம். 28 வாரம் தாண்டினால் பரிசோதனை செய்துகொண்டு, மாத்திரையோடு முதலிலிருந்து.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கார்பமசெபின் அல்லது ஃபெனிடாய்ன் எடுப்பவர் இரண்டு ஊசிகளில் எதைப் போடும் முன்பும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மருந்துகள் ஊசி மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரம் விரட்டிவிடும். ஊசியை நிறுத்துவதிலும் ஒரு வினை இருக்கிறது: மருந்து உடனே போகாது, மாதக்கணக்கில், கபோடெக்ராவிர் என்றால் ஓராண்டுக்கும் மேலாகக்கூட, தடுக்கப் போதாத சிறு அளவில் வால் போல நீளும். அந்தக் காலத்தில் தொற்றினால் கிருமி மருந்துக்குப் பழகும் ஆபத்து உண்டு. ஆகவே ஆபத்து நீடிக்கும்போது ஊசியை விடுகிறவர் மாத்திரைக்கு மாற வேண்டும்.

விலையும் வழியும்

லெனகாபவிர் ப்ரெப்புக்கு அமெரிக்கா 2025 ஜூனில் அனுமதி தந்தது. அங்கே பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், 120 ஏழை நாடுகளுக்காக மலிவாகத் தயாரிக்க ஆறு கம்பெனிகளுக்கு, இந்த மருந்தின் சொந்தக்காரரான கிலியட் நிறுவனம் உரிமம் தந்திருந்தது. டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ, எம்க்யூர் அவற்றில் சேரும். 2027 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 40 டாலர் என்ற விலை அறிவிப்பும் வந்திருக்கிறது. அறிவித்தவை ஹைதராபாத்தைச் சேர்ந்த முதல் இரண்டு கம்பெனிகள். ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் இதே மருந்துக்கு ஆய்வு நடந்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகியவை அந்த 120இல் இல்லை. உடம்பைத் தந்தவர்களுக்கு மருந்து மலிவு இல்லை.

விலை குறைந்தாலும் போடுவதற்குக் கிளினிக் வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி, பிறகு கொஞ்சம் தளர்த்தியபோது, அந்தப் பணத்தில் ப்ரெப் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும் என்று வரம்பு போட்டது. பாலியல் தொழில் செய்யும் பெண்களும், பள்ளியை முடித்த கையோடு தன்னைவிட எட்டொன்பது வயது மூத்தவனுடன் பழகும் பெண்ணும் அதற்கு வெளியே நின்றார்கள். வயது சும்மா சொன்னதல்ல: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டால் பகுதியில் கிருமியின் மரபுச் சுவட்டைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, இளம்பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள் சராசரியாக 8.7 வயது மூத்தவர்களாக இருந்தார்கள். அப்படிப்பட்டவனிடம் ஆணுறை போடு என்று சொல்லும் வலு அவளுக்கு இருக்கும் என்று எழுதுவது காகிதத்தில் மட்டுமே நடக்கும்.

வாய்ஸ் ஆய்வின் முடிவைப் படித்துவிட்டுப் பெண்கள் மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்று முடிவுகட்டியவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கொல்கத்தாவின் சோனாகாச்சியிலும் மைசூரிலும் பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்புகளே முன்னின்று நடத்திய ப்ரெப் முன்னோட்டத் திட்டங்களில் பெண்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். கொடுத்தவள் அவர்களுள் ஒருத்தி. பாட்டிலைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ 2022இல் ப்ரெப் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் விசாரிக்கத் தொடங்க வேண்டிய இடம் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையம். கட்டணமில்லாத் தொலைபேசி 1097. பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் தேவை என்பதும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். நம் ஊரில் ப்ரெப் கேள்வி அதிகம் எழக்கூடிய இடம், கணவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருக்கும் வீடு. அவர் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து நிலைத்துவிட்டால், உறவின் வழியே மனைவிக்குத் தொற்றாது. அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் மனைவி ப்ரெப் சாப்பிடுவது பாலம் போல: கணவர் சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் ஆகி, பரிசோதனையும் அதை உறுதிசெய்த பிறகு நிறுத்தலாம். மையத்துக்குப் போகும் மனைவி ரத்தத்தில் கிருமியின் அளவைக் காட்டும் கணவரின் வைரல் லோடு ரிப்போர்ட்டை அவரிடம் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோகட்டும், தேதியைப் பார்க்கட்டும். "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற அவர் வார்த்தையை வைத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.